கோடுகளைப் பார்த்தோம், குடும்பத்தைப் பார்க்கவில்லை

இது கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

வரலாறு என்றாலே அரசர்கள், யுத்தங்கள், ஆண்டுகள் என்றுதான் வகுப்பில் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு மிருகத்துக்கும் வரலாறு இருக்கிறது. அந்த மிருகத்தை மனிதன் எப்படிப் பார்த்தான், என்ன செய்தான் என்பதும் வரலாறுதான். இன்றைக்கு வரிக்குதிரையை எடுத்துக்கொள்வோம். சுமார் நானூறு வருடக் கதை இது.

*

ஹிஜ்ரி 1030, அதாவது கி.பி. 1621. மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அரியணை ஏறிப் பதினாறாவது வருடம். நவ்ரோஸ் காலத்தில் அரசவைக்கு ஒரு விசித்திரமான மிருகம் வந்து சேர்ந்தது. ஹபஷாவிலிருந்து துருக்கியர் சிலரோடு அதைக் கொண்டுவந்தவர் மீர் ஜஃபர் என்பவர். (வங்காளத்து மீர் ஜஃபர் அல்ல. அவர் நூறு வருடத்துக்கும் மேல் பிந்தியவர்.) ஹபஷா எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். ஸஹாபாக்கள் அடைக்கலம் தேடிப் போன, நஜ்ஜாஷி மன்னர் ஆண்ட அதே தேசம். இன்றைய எத்தியோப்பியப் பக்கம்.

ஜஹாங்கீர் மிருகங்கள், பறவைகள் மீது பெரிய ஆர்வம் உள்ளவர். வெறுமனே வேடிக்கை பார்ப்பவர் அல்ல. அளப்பார், நிறுப்பார், நாட்கணக்கில் கவனித்துக் குறிப்பு எழுதுவார். சாரஸ் கொக்குகள் எப்படிச் சோடி சேர்ந்தன, முட்டைகளை எப்படி அடைகாத்தன என்றெல்லாம் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்த மன்னர் அவர். அப்படிப்பட்டவரே இந்த மிருகத்தைப் பார்த்துத் திகைத்தார். மூக்கு நுனியிலிருந்து வால் வரைக்கும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். யாரோ வர்ணம் பூசிக் கொண்டுவந்து ஏமாற்றுகிறார்கள் என்று அவையில் சிலருக்குச் சந்தேகம். நன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அது படைத்தவன் தீட்டிய கோடு என்று முடிவுக்கு வந்தார்கள். பேரரசரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

அவர் தனது அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூரை அழைத்து அதை வரையச் சொன்னார். 'நாதிருல் அஸ்ர்', அதாவது காலத்தின் அதிசயம் என்று பட்டம் பெற்றவர் மன்சூர். அந்த ஓவியம் இன்றும் இலண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் நூதனசாலையில் இருக்கிறது. ஓரத்தில் ஜஹாங்கீரின் சொந்தக் கையெழுத்து. இணையத்தில் தேடினால் படம் கிடைக்கும், பாருங்கள். ஒவ்வொரு கோடும் அவ்வளவு சரியாக விழுந்திருக்கும். பிறகு அந்த வரிக்குதிரையை ஈரானின் ஷா அப்பாஸுக்கு அன்பளிப்பாக அனுப்பப்போகும் பொருட்களோடு சேர்த்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிகக் கூர்மையான கண்ணுள்ள ஒரு மன்னரும் மிகச் சிறந்த ஓவியர்களில் ஒருவரும் சேர்ந்து அந்த மிருகத்தைப் பார்த்தார்கள். தோலை ஒரு மயிர் பிசகாமல் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் முன் நின்றது ஒரேயொரு வரிக்குதிரை. கூட்டமாக வாழும் மிருகத்தைத் தனியே நிறுத்தினால் அதன் தோலைத்தான் பார்க்கலாம், வாழ்க்கையைப் பார்க்க முடியாது. இது அவர்களின் பிழை அல்ல. கண்முன் வந்ததைத்தானே பார்க்கலாம். ஆனால் அடுத்த முந்நூறு வருடங்களுக்கும் மேலாக உலகம் வரிக்குதிரையை இப்படித்தான் பார்த்தது.

*

1762 இல் இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு தென் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து ஒரு பெண் வரிக்குதிரை வந்தது. இலண்டனில் சனம் முண்டியடித்துக்கொண்டு பார்க்கப் போனது. அடுத்த வருடம் ஜோர்ஜ் ஸ்டப்ஸ் என்ற புகழ்பெற்ற ஓவியர் அதை வரைந்தார். உடலமைப்பில் குறை சொல்ல முடியாத ஓவியம். ஆனால் பின்னணியில் இருப்பது இங்கிலாந்துக் காடு. அந்தப் பச்சை மரங்களுக்கு நடுவே ஒரு வரிக்குதிரை தனியாக நிற்கிறது. அதற்குச் சொந்தமான எதுவும் அந்தப் படத்தில் இல்லை.

நூறு வருடங்கள் கழித்து இன்னொரு தனி மிருகத்தைப் புகைப்படம் எடுத்தார்கள். அதன் பெயர் குவாகா. அதுவும் வரிக்குதிரைதான். தலை, கழுத்து, முன்பகுதியில் மட்டும் கோடு. பின்பக்கம் கபில நிறம். தென் ஆபிரிக்காவின் கரூ வறண்ட நிலங்களில் பெருங்கூட்டமாக மேய்ந்தது. அது எழுப்பும் சத்தத்தைக் கேட்டு கொய்கொய் மக்கள் வைத்த பெயர்தான் குவாகா.

ஐரோப்பியக் குடியேற்றக்காரர்கள் செம்மறிகளோடு அந்த நிலங்களுக்குள் வந்தார்கள். செம்மறிக்கு வேண்டிய புல்லைக் குவாகா தின்கிறது என்பது அவர்களின் கணக்கு. சுட்டார்கள். இறைச்சியை வேலையாட்களுக்குக் கொடுத்தார்கள். தோலைச் சாக்காகத் தைத்தார்கள். 1870களின் முடிவில் வெளியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் ஒரு பெண் குவாகா இருந்தது. உயிரோடு புகைப்படம் எடுக்கப்பட்ட ஒரேயொரு குவாகா அதுதான். கடைசிக் குவாகா ஒல்லாந்தின் அம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிச்சாலையில் 1883 ஆகஸ்ட் 12 ஆம் திகதி செத்தது. அன்று யாரும் அழவில்லை. ஏனென்றால் அது கடைசி என்றே யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் எல்லா வகை வரிக்குதிரையையும் குவாகா என்றே பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயர் ஒன்றாக இருந்ததால், ஒரு வகை முற்றாகப் போய்விட்டதை உலகம் கவனிக்கவில்லை.

இதற்குள் ஒரு விசயம் இருக்கிறது. நூதனசாலைகளில் இருந்த குவாகாத் தோல் ஒன்றிலிருந்து 1984 இல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் டி.என்.ஏ. எடுத்து வாசித்தார்கள். அழிந்துபோன ஓர் உயிரினத்தின் டி.என்.ஏ.யை மனிதன் வாசித்தது அதுவே முதல் தடவை. சமவெளி வரிக்குதிரைக்கு அது மிக நெருங்கிய உறவு என்று தெரிந்தது. பிந்திய ஆய்வுகள் அதே இனத்தின் ஒரு கிளைதான் என்று உறுதிப்படுத்தின. இதை வைத்து ரைன்ஹோல்ட் ராவ் என்ற நூதனசாலை ஊழியர் 1987 இல் தென் ஆபிரிக்காவில் ஒரு திட்டம் தொடங்கினார். கோடு குறைவான வரிக்குதிரைகளைத் தெரிந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, குவாகா போன்ற தோற்றத்தை மீண்டும் கொண்டுவருவது. இன்று பார்வைக்கு ஓரளவு அப்படியே இருக்கும் மிருகங்கள் அங்கே மேய்கின்றன. ஆனால் இங்கேயும் திரும்பி வந்தது தோல்தான். குவாகாக் கூட்டம் எப்படி வாழ்ந்தது, எந்தக் காலத்தில் எந்தப் பக்கம் நடந்தது என்று கவனித்து எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை. அது போனது போனதுதான்.

*

"சேர், குதிரையில ஏறுறாங்க, கழுதையில ஏறுறாங்க, வரிக்குதிரையில ஏன் ஏறுறதில்லை?" இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பிலாவது வரும். ஏறிப் பார்க்க முயற்சி செய்தார்கள். 1898 இல் வோல்டர் ரொத்சைல்ட் என்ற இங்கிலாந்துச் செல்வந்தர் வரிக்குதிரைகள் பூட்டிய வண்டியை பக்கிங்ஹாம் மாளிகை வரைக்கும் ஓட்டிக் காட்டினார். ஆபிரிக்காவில் டெட்சி ஈ பரப்பும் நோயில் குதிரையும் மாடும் கொத்துக் கொத்தாகச் செத்தன, வரிக்குதிரையோ தாக்குப்பிடித்தது. அதனால் அதைப் பழக்கிவிட்டால் பெரிய இலாபம் என்று காலனித்துவ அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். சரிவரவில்லை. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் நடுவே வாழ்ந்து பழகிய மிருகம் அது. சட்டென்று மிரளும். கடித்தால் விடாது. உதைத்தால் சிங்கத்தின் தாடையே உடையலாம். ஒன்றிரண்டைப் பழக்கலாம், ஓர் இனத்தையே வீட்டு மிருகமாக்க முடியவில்லை.

*

இனிக் கதை திரும்பும் இடம். 1960களின் தொடக்கத்தில் ஹான்ஸ் கிளிங்கல் என்ற ஜேர்மன் விலங்கியலாளர் தன் மனைவியோடு தன்சானியாவுக்குப் போனார். செரெங்கெட்டி, ங்கொரொங்கொரோ சமவெளிகளில் வருடக்கணக்காகத் தங்கினார். அவர் செய்தது எளிமையான காரியம். ஒரு வரிக்குதிரையின் கோடு போல இன்னொன்றின் கோடு இருக்காது, எங்கள் கைரேகை மாதிரி. எனவே ஒவ்வொன்றையும் படமெடுத்து, தனித்தனியாக அடையாளம் வைத்து, எது எதோடு திரிகிறது என்று பொறுமையாகப் பதிந்தார்கள்.

ஜஹாங்கீரின் அவை வியந்து பார்த்த அதே கோடுகள்தான். ஆனால் இந்த முறை அந்தக் கோடுகள் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை ஆனது. அப்போதுதான் குடும்பம் தெரிந்தது.

தூரத்தில் நின்று பார்த்தால் ஆயிரக்கணக்கில் கலந்து நிற்கும் கூட்டம். உள்ளே அது சின்னச் சின்னக் குடும்பங்கள். ஓர் ஆண், ஒன்று தொடக்கம் ஐந்தாறு பெண்கள், அவற்றின் குட்டிகள். பெண்கள் வருடக்கணக்கில் ஒன்றாகவே இருக்கும். ஆண் செத்தாலோ, இன்னோர் ஆண் வந்து இடத்தைப் பிடித்தாலோ பெண்கள் பிரிவதில்லை. குடும்பத்தின் முதுகெலும்பு அந்தப் பெண்கள்தான். தண்ணீருக்குப் போகும்போது மூத்த பெண் முன்னால் நடக்கும், மற்றவை தம் வரிசைப்படி பின்னால் வரும். ஆண் பெரும்பாலும் கடைசியில், எதிரி வரும் பக்கம் பார்த்தபடி நடக்கும். வயசானதோ நோயுற்றதோ பின்தங்கினால் குடும்பம் நடையைக் குறைக்கும். ஒன்று காணாமல் போனால் ஆண் கத்தி அழைத்துத் தேடிப் போகும்.

தாய் ஒரு வருடத்துக்கு மேல் வயிற்றில் சுமந்து குட்டி ஈனும். பிறந்த குட்டி சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். முதல் நாட்களில் தாய் மற்ற வரிக்குதிரைகளைக் குட்டியிடம் அண்டவிடாது. குட்டி தன் தாயின் கோட்டையும் வாடையையும் குரலையும் மனதில் பதித்துக்கொள்வதற்கான அவகாசம் அது. ஆண் குட்டிகள் வளர்ந்ததும் வீட்டை விட்டுப் போய், இளம் ஆண்களின் கூட்டத்தில் சேர்ந்து திரியும். பிறகு ஒருநாள் தனக்கென ஒரு குடும்பம் தேடும்.

எல்லா வரிக்குதிரையும் இப்படி அல்ல. கென்யாவின் வடக்கிலும் எத்தியோப்பியாவிலும் வாழும் கிரேவி வரிக்குதிரைக்கு நிரந்தரக் குடும்பமே இல்லை. அங்கே ஆண் ஒரு பெரிய நிலப்பரப்பைப் பிடித்துக் காவல் காக்கும். புல்லும் தண்ணீரும் தேடி பெண்கள் வரும், போகும். வறண்ட நிலம், சிதறிய உணவு. அதனால் அந்த வாழ்க்கை முறை. இன்று உலகத்திலேயே அவை சுமார் மூவாயிரம்தான் மிஞ்சியிருக்கின்றன.

*

குடும்பத்தைப் பார்க்காமல் மிருகத்தை மட்டும் காப்பாற்றப் போனால் என்ன நடக்கும்? இதற்கும் வரலாறு பதில் சொல்கிறது. தென் ஆபிரிக்காவின் கேப் மலை வரிக்குதிரை குவாகாவைப் போலவே அழியும் நிலைக்கு வந்தது. அதைக் காக்க 1937 இல் கிரடொக் நகருக்குப் பக்கத்தில் ஒரு தேசியப் பூங்கா திறந்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் உள்ளே இருந்தவை ஐந்து ஆணும் ஒரேயொரு பெண்ணும். ஆறு மிருகம் இருந்தது, ஒரு கூட்டம் இருக்கவில்லை. 1950 ஆகும்போது இரண்டு ஆண்கள்தான் மிச்சம். அந்த நேரம் அயல் பண்ணைக்காரர் ஒருவர் தன் நிலத்தில் வாழ்ந்துகொண்டிருந்த பதினொரு வரிக்குதிரைகளைக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பூங்கா தழைத்தது. நூறுக்கும் குறைந்து போயிருந்த அந்த இனம் இன்று சில ஆயிரங்களாக நிற்கிறது. குவாகாவைச் சுட்டவர்களும் பண்ணைக்காரர்கள்தான், மலை வரிக்குதிரைக்குத் தங்கள் காணியில் இடம் விட்டவர்களும் பண்ணைக்காரர்கள்தான். ஒரு சாராரை முழுக்கக் குற்றம் சொல்ல வரலாறு அநேகமாக இடம் தருவதில்லை.

*

வெளிநிலத்தில் அவற்றுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு செரெங்கெட்டியின் புல்லைச் சொல்லலாம். மாடு அசைபோடும் மிருகம். நார் நிறைந்த முற்றிய புல் அதற்குச் செமிக்க நேரம் எடுக்கும். வரிக்குதிரை அசைபோடுவதில்லை, குதிரையைப் போலப் பெருங்குடல் பக்கம்தான் செமிபாடு நடக்கும். சத்து முழுவதையும் எடுக்காது, ஆனால் கெதியாக நிறையத் தின்று தள்ளும். அதனால் உயர்ந்து முற்றிய புல்லுக்குள் முதலில் இறங்குவது வரிக்குதிரை. அது மேலே உள்ள தண்டைத் தின்று போன பிறகு, அடியில் உள்ள இலைப்புல் வெளிப்படும். அது வில்டபீஸ்ட் கூட்டத்துக்கு. அவையும் போன பிறகு துளிர்க்கும் இளம் புல்லும் சிறு பூண்டும் தொம்சன் மானுக்கு. ஒன்று போட்ட வழியில் மற்றது வருகிறது. முதலில் போகிறவன் நல்லதைத் தின்னவில்லை, கரடானதைத்தான் தின்கிறான் என்பதையும் கவனியுங்கள்.

கோடு எதற்கு என்ற பழைய கேள்விக்கும் அண்மைக் காலத்தில்தான் பதில் நெருங்கி வந்தது. சிங்கத்தின் கண்ணுக்கு மறைய என்றார்கள், வெயிலைத் தணிக்க என்றார்கள். இப்போது அதிக ஆதாரம் உள்ள விளக்கம், இரத்தம் குடிக்கும் ஈக்களைத் தவிர்ப்பது. 2019 இல் இங்கிலாந்தில் சாதாரணக் குதிரைகளுக்குக் கோடு போட்ட போர்வை போர்த்திப் பார்த்தார்கள். ஈக்கள் பக்கத்தில் வரும், ஆனால் கோட்டின் மேல் சரியாக இறங்க முடியாமல் தடுமாறிப் போய்விடும். போர்வை இல்லாத தலையில் வழக்கம்போல இறங்கின. அதே வருடம் ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வெள்ளைக் கோடு தீட்டிப் பார்த்தபோது ஈக்கடி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஜஹாங்கீரின் அவையில் வரிக்குதிரைக்கு யாரோ வர்ணம் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். நானூறு வருடம் கழித்து மாட்டுக்கு வர்ணம் பூசித்தான் அந்தக் கோட்டின் பயன் தெரிந்தது.

*

கடைசியாக பொட்ஸ்வானாவுக்குப் போவோம். என்னை அதிகம் யோசிக்கவைத்த பகுதி இதுதான்.

அங்கே ஒரு பக்கம் ஒகவாங்கோ கழிமுகம், வருடம் முழுதும் தண்ணீர் உள்ள இடம். மறுபக்கம் மக்கடிக்கடி உப்புச் சமவெளி. மழை பெய்தால் சத்தான புல் முளைக்கும். மழைக்கு முன்னும் பின்னும் வரிக்குதிரைகள் இரண்டுக்கும் இடையே நடந்தன. போய்வர ஏறக்குறைய 580 கிலோமீற்றர்.

பொட்ஸ்வானாவின் பெரிய வருமானங்களில் ஒன்று ஐரோப்பாவுக்குப் போகும் மாட்டிறைச்சி. காட்டு மிருகங்களிடமிருந்து மாடுகளுக்குக் கால்வாய் நோய் தொற்றக்கூடாது என்பதற்காக நாடெங்கும் நெடுநீளமாகக் கம்பி வேலி அடித்தார்கள். மாட்டை நம்பி வாழும் மக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதற்கும் நியாயம் உண்டு. ஆனால் 1968 இல் அடித்த ஒரு வேலி இந்தப் பாதையைக் குறுக்கே வெட்டியது. அன்றோடு அந்தப் பயணம் நின்றது.

அந்த வேலி 2004 வரை நின்றது. 36 வருடங்கள். காட்டில் வரிக்குதிரையின் ஆயுள் சராசரியாகப் பன்னிரண்டு வருடம். அப்படியென்றால் வேலியைப் பிடுங்கிய நாளில், அந்தப் பாதையில் ஒருமுறையாவது நடந்த ஒரு வரிக்குதிரைகூட உயிரோடு இல்லை. உம்மாவிடமிருந்து பிள்ளை கற்றுக்கொள்ளும் வழி என்றால், கற்றுக்கொடுக்க யாருமே மிஞ்சவில்லை.

ஆனால் 2007 ஆம் ஆண்டளவில் ஆய்வாளர்கள் ஒகவாங்கோவில் சில வரிக்குதிரைகளுக்கு ஜீ.பி.எஸ். கழுத்துப்பட்டி மாட்டியபோது கண்டார்கள், அவை மக்கடிக்கடிக்கு நடந்துகொண்டிருந்தன. பழைய பயணம் திரும்பி வந்திருந்தது. செய்மதித் தரவுகளோடு ஒப்பிட்டபோது, மழையும் புல் பச்சையாகும் வேகமும் அவற்றின் நடையோடு பொருந்திப் போயின. சில வருடங்கள் கழித்து, நமீபியாவின் சோபே ஆற்றங்கரைக்கும் பொட்ஸ்வானாவின் ங்காய் சமவெளிக்கும் இடையே இன்னொரு 500 கிலோமீற்றர் பயணத்தையும் கண்டுபிடித்தார்கள். எல்லை தாண்டி இரண்டு நாட்டுக்குள்ளும் நடக்கும் கூட்டம் அது. இப்படி ஒரு பாதை இருப்பது 2014 வரை வெளியுலகுக்குத் தெரியாது.

குவாகாவையும் இந்தப் பொட்ஸ்வானா வரிக்குதிரைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டையும் மனிதன்தான் தடுத்தான். ஓர் இடத்தில் கூட்டத்தையே முடித்தான், டி.என்.ஏ. வந்தும் அது திரும்பவில்லை. மற்ற இடத்தில் வழியை மட்டும் அடைத்தான். கூட்டமும் நிலமும் மழையும் மிஞ்சியிருந்தன. வேலியை எடுத்த சில வருடத்துக்குள் வழி தானாகத் திறந்தது. எதைத் திருத்தலாம், எதைத் திருத்தவே முடியாது என்ற வித்தியாசம் இதற்குள் இருக்கிறது. ஒரு வேலி அடிப்பதற்கு முன், அந்த நிலத்தில் யார் யார் நடக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டிய காரணமும் இதற்குள்தான் இருக்கிறது.

இன்று ஆபிரிக்காவில் சமவெளி வரிக்குதிரைகள் சுமார் ஐந்து இலட்சம் இருக்கின்றன. தொகை பெரிதாகத் தெரியும். குவாகாவும் ஒரு காலத்தில் எண்ண முடியாத கூட்டமாகத்தான் இருந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: மன்சூரின் ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் அந்த வரிக்குதிரைக்குப் பக்கத்தில் அதன் குடும்பத்தையும் வரையுங்கள். முன்னால் மூத்த பெண், நடுவில் குட்டிகள், கடைசியில் காவலுக்கு ஆண். வரைந்ததைப் படமெடுத்துக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள், எல்லோரும் பார்ப்போம்.